ஜாஙான் தம்பால்: போர்டு எழுதிய கை சீனத் தூரிகை பிடித்த கதை

நான் எழுதிய முதல் உருப்படியான சீன எழுத்து நாயாகிப் போனது.

எழுத நினைத்தது 'தா'. பெரியது என்று பொருள். ஒரு படுக்கைக் கோடு, அதை வெட்டி இறங்கி இடப்பக்கம் சாயும் கோடு, வலப்பக்கம் சாயும் கோடு, அவ்வளவுதான். கையை விரித்துக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி இருக்கும். மூன்றையும் போட்டுவிட்டு, தூரிகையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி தலையைச் சாய்த்து அழகு பார்த்தேன். மை கூடுதலாகத் தொட்டிருக்கிறேன் போல. வலது மேல்பக்கத்தில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. 'தா'வுக்கு அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது 'ச்சுவான்'. நாய்.

"சூடா ஜாடி அஞ்சிங்," என்று என் சீன வாத்தியார் லாவ்ஷி மலாயில் சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாயாகிவிட்டதாம். நான் பதறிப்போய்த் துணியை எடுத்து ஒற்றி, தேய்ந்த இடத்தைச் சரிக்கட்டத் தூரிகையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் மணிக்கட்டைப் பிடித்து அந்த இரண்டு சொல்லைச் சொன்னார்: "ஜாஙான் தம்பால்." ஒட்டுப் போடாதே.

சீனத் தூரிகை பழக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி இந்த இரண்டு சொல்லுக்குள்ளேதான் இருக்கிறது. மீதிப் பாதி, தூரிகையைக் கழுவுவது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. பினாங்கில் 1981 முதல் கடைப் போர்டு எழுதினேன். கடைத்தெருவில் துணிக்கடை, நகைக்கடை, அப்பளம் விற்கிற கடை என்று பல போர்டுகள் என் கையால் ஆனவை. பேனர் அச்சடிக்கும் இயந்திரம் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் மூன்று மாடி கீழே ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். சீனப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சீனப்பெருநாளுக்கும் முன்னால் மின்தூக்கிப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் சிவப்புத் தாளில் வாழ்த்து வரி எழுதிக் கொடுப்பார். நானும் பிரஷ் பிடித்தவன் என்ற தெனாவெட்டில், "எனக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். பினாங்குச் சீனர்களுக்கு நாம் எல்லாருமே அண்ணேதான். நான் அவரை லாவ்ஷி என்பேன், வாத்தியார். எங்கள் இருவருக்கும் பொதுமொழி பசார் மலாய், அதாவது கடைத்தெருக் கொச்சை மலாய்.

இனிமேல் நான் பிரஷ் என்றால் போர்டு எழுதும் பிரஷ், தூரிகை என்றால் சீனத் தூரிகை. இரண்டுக்கும் முடியும் கைப்பிடியும் இருக்கின்றன என்பதைத் தவிர வேறு உறவு கிடையாது.

வாங்க வேண்டியவை

சீனர்கள் நான்கு பொருளைச் செல்வம் என்பார்கள்: தூரிகை, மை, தாள், மை அரைக்கும் கல். முதல் வருஷத்துக்குக் கல் வேண்டாம். மைக்கட்டி வாங்கி, கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து வட்டம் வட்டமாக அழுத்தாமல் அரைப்பது அழகான வேலைதான். கால் மணி நேரம் ஓடிவிடும், மனசும் அடங்கும். ஆனால் புதிதாகப் பழகுகிறவனுக்கு அந்தக் கால் மணியில் ஒரு தாள் எழுதிவிடலாம். போத்தல் மை போதும். பெய்ஜிங்கில் 1865-இல் தொடங்கிய யீதேகே பெயரில் வரும் மை இங்கேயும் கிடைக்கிறது. புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்ததுதான் மை, அதனால் ஒரு மாதிரி வாசம் அடிக்கும். கொஞ்ச நாளில் அந்த வாசம் பிடித்தும் போகும். துணியில் பட்டால் போகாது. என் மனைவியின் மேசை விரிப்பு ஒன்று அதற்குச் சாட்சி.

தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். முடியைப் பொறுத்து மூன்று வகை. ஆட்டு முடி வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். மை நிறையக் குடிக்கும், ஆனால் அழுத்தினால் அப்படியே படுத்துக்கொள்ளும், தானாக எழுந்திருக்காது. 'ஓநாய் முடி' என்று விற்பது உண்மையில் ஒருவகை மரநாயின் வால் முடி. பழுப்பு நிறம், விறைப்பு, வில் மாதிரி துள்ளும். மூன்றாவது இரண்டும் கலந்தது, நடுவில் விறைப்பு, வெளியே மெத்து. புதியவர்களுக்கு இந்தக் கலப்பு முடிதான் சரி. முடியின் நீளம் உங்கள் சுண்டுவிரலின் மேல் இரண்டு கணு அளவு இருந்தால் கைப்பிடியளவு எழுத்து எழுத வசதி. நான் முதலில் மலிவாக ஆறு தூரிகை சேர்ந்த பெட்டி ஒன்று வாங்கினேன். நாலு நாளில் முடி கொட்டி, தாளெல்லாம் பூனை படுத்து எழுந்த மாதிரி ஆயிற்று. பிறகு கலப்பு முடியில் நல்லதாக ஒன்றே ஒன்று வாங்கினேன். இரண்டு வருஷமாக அதுதான் ஓடுகிறது. பாப்புலர் புத்தகக் கடையில்கூட இவை கிடைக்கின்றன.

வாங்கும்போது பார்க்க வேண்டிய நான்கு குணங்களைச் சீனர்கள் முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள். நனைத்தால் நுனி கூராக வேண்டும். நுனியைத் தட்டையாக நசுக்கினால் முடிகள் ஒரே நீளத்தில் நிற்க வேண்டும். வயிறு எல்லாப் பக்கமும் உருண்டையாக இருக்க வேண்டும். வளைத்து விட்டால் நிமிர வேண்டும். கடையில் புதுத் தூரிகை பசை போட்டுக் குச்சி மாதிரி இருக்கும், நனைக்க விடமாட்டார்கள். ஆகவே அங்கே பார்க்க முடிவது முடி நேராக இருக்கிறதா, மூங்கில் கோணாமல் இருக்கிறதா என்பதைத்தான். மேசையில் உருட்டிப் பாருங்கள், தடக் தடக்கென்று போனால் மூங்கில் கோணல். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பசை கரையும்வரை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். கொதிநீர் கூடாது, அடியில் முடியைப் பிடித்திருக்கும் ஒட்டு விட்டுப்போகும்.

தாளில் பெரியது ஷுவான் தாள். ஆன்ஹுய் மாநிலத்தின் ஜிங் வட்டாரத்தில், நீலச் சந்தனம் என்று அவர்கள் சொல்லும் ஒரு மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் சேர்த்துச் செய்வது. நம் சந்தனம் அல்ல அது. இந்தத் தாள் செய்யும் கலையும் சீன எழுத்துக் கலையும் 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இப்போதைக்கு அதை வாங்க வேண்டாம். மஞ்சளாக, மெலிதாக, கட்டம் அச்சடித்து வரும் மூங்கில் கூழ்த் தாள் போதும். கட்டத்துக்குள் கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் சேர்ந்து எட்டுக் கதிர் விரிந்த மாதிரிக் கோடு இருக்கும். அரிசியைக் குறிக்கும் 'மீ' என்ற எழுத்தைப் போல இருப்பதால் மீ கட்டம் என்கிறார்கள். தாளின் வழவழப்பான பக்கம்தான் எழுதும் பக்கம்.

அதுவும் தீர்ந்துபோனால் பழைய செய்தித்தாள். என் வீட்டில் தமிழ் நேசன் ஒரு கட்டு இருந்தது. 2019-இல் அந்தப் பத்திரிகை நின்றபோது தூக்கிப் போட மனம் வராமல் கட்டிலுக்கடியில் வைத்தது. அதன் மேல்தான் என் முதல் ஆயிரம் படுக்கைக் கோடுகள் விழுந்தன. லாவ்ஷிக்குத் தமிழ் எழுத்து பிடித்துப்போய், 'ழ'வைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டினேன். அவர் முயன்ற விதத்தைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தது நான்.

தாளுக்கு அடியில் கம்பளித் துணி ஒன்று விரிக்க வேண்டும். இல்லையென்றால் மை மேசையில் ஒட்டித் தாள் கிழியும். மடித்த பழைய போர்வையும் ஆகும்.

பிடிப்பு

முதல் நாள் லாவ்ஷி மை போத்தலைத் திறக்கவே இல்லை. காய்ந்த தூரிகையைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். நான் பிரஷ் பிடிப்பது மாதிரி சாய்த்து, விரல்நுனியில் பிடித்தேன். போர்டு எழுதுகிறவன் கை ஊன்ற ஒரு கம்பை வைத்துக்கொண்டு, மணிக்கட்டை அதில் சாய்த்து, விரலால் எழுதுவான். இங்கே விரல் எழுதாது. விரல் பிடிக்கும், கை எழுதும்.

தூரிகை தாளுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கட்டைவிரல் உள்பக்கமிருந்து அழுத்தும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெளிப்பக்கமாக வளைந்து கொக்கி போட்டுப் பிடிக்கும். மோதிரவிரல் நகம் சேரும் இடத்தால் உள்ளிருந்து வெளியே தள்ளும். சுண்டுவிரல் மோதிரவிரலுக்கு முட்டுக்கொடுக்கும், தூரிகையைத் தொடாது. ஐந்து விரலுக்கும் வேலை உண்டு, ஆனால் உள்ளங்கை வெறுமையாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் நினைப்பதோடு நிற்கவில்லை, அடுக்களையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து வைத்துப் பழகினேன். கை இறுகினால் பழம் சொல்லிவிடும்.

இரண்டு பாதமும் தரையில், முதுகு நேராக, தாள் கோணாமல், இடக்கை தாளை அழுத்தியபடி. முழங்கை மேசையில் இருக்கலாம், மணிக்கட்டு மட்டும் மேலே எழும்பி நிற்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு மேல் எழுத்து எழுதும்போது முழங்கையும் எழும்ப வேண்டும், அதற்கு நின்றுகொண்டு எழுதுவது நல்லது. முதல் வாரம் தோள் வலிக்கும். கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டின மாதிரி ஒரு வலி.

ஒரே ஒரு கோடு

சீனத்தில் ஒன்று என்ற எண் 'யீ', ஒரு படுக்கைக் கோடு. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

முதலில் மை. தூரிகையைச் சுத்தத் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றி, அப்புறம்தான் மையில் தொட வேண்டும். காய்ந்த முடியில் மை அடிவரை சீராக ஏறாது. முடியின் மூன்றில் இரண்டு பங்கு நனையட்டும். பிறகு கிண்ணத்தின் விளிம்பில் எல்லாப் பக்கமும் வழித்துக் கூர் எடுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் சொட்டக்கூடாது. சொட்டினால் நாய்.

கோடு இடமிருந்து வலமாகப் போகிறது. ஆனால் தூரிகை நுனி முதலில் இடப்பக்கம் நுழைய வேண்டும். வலம் போகிறவன் முதலில் இடம் போ என்பது விதி. ஓரடி பின்வாங்கித் தாண்டுகிற மாதிரி. நுனி இடப்பக்கம் கொஞ்சம் போய், கீழே அமர்ந்து, திரும்பி, பிறகு வலப்பக்கம் நகர்கிறது. இதனால் நுனி பட்ட இடம் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது, முனை உருண்டு நிற்கிறது. நகரும்போது நுனி கோட்டின் நடுவே ஓட வேண்டும், ஓரத்தில் அல்ல. நடுவில் ஓடினால் மை இருபக்கமும் சமமாகப் பரவி, கோடு கயிறு மாதிரி திரண்டிருக்கும். ஓரத்தில் ஓடினால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல்லாகவும் வரும். பார்த்தவுடனே தெரியும்.

நடுப்பகுதியில் தூரிகையைச் சற்றுத் தூக்கி, கொஞ்சம் வேகமாக, வலப்பக்கம் லேசாக மேலேறும்படி இழுங்கள். அச்சு எழுத்துப்போலப் படுமட்டமாகப் போட்டால் கோடு செத்துக் கிடக்கும். கடைசியில் நின்று, கொஞ்சம் தூக்கி, வலது கீழாக அமர்த்தி, வந்த வழியே உள்ளே திரும்பி எடுக்க வேண்டும். இருமுனையும் முட்டியாக, நடுவில் மெலிந்து, எலும்பு மாதிரி இருந்தால் அதுதான் யீ.

நுழை, அமர், நகர், நில், அமர், திரும்பு. வாயால் சொல்லிக்கொண்டே எழுதினேன். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, நாட்டியம் ஆடுறீங்களா?" என்றாள். ஜதி சொல்லுகிற மாதிரித்தான் இருந்தது.

தமிழ்க்கைக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு, இதை எந்தச் சீனப் புத்தகமும் சொல்லாது. நம் எழுத்து வளைந்து வளைந்து போவது. ஓலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் நார் கிழியும் என்பார்கள். அ, இ, ஐ எதை எடுத்தாலும் சுழித்துக்கொண்டு ஒரே மூச்சில் போய்ச் சேருகிறோம். கோலம் போடுகிற கைகளுக்கும் அந்தச் சுழி பழக்கம். சீன எழுத்தில், அதிலும் தொடக்கத்தில் பழகும் காய்ஷு என்ற நேரெழுத்தில், ஒவ்வொரு கோடும் தனித்தனி ஆள். ஒன்று முடிந்து, தூரிகை எழும்பி, காற்றில் போய், அடுத்தது தொடங்குகிறது. என் கை தூக்க மறுத்தது. மூலை வந்தால் தானாக உருட்டியது. அப்படி உருட்டும்போதெல்லாம் லாவ்ஷி மேசையைத் தட்டுவார். மூலையில் நிற்கவேண்டும், கொஞ்சம் தூக்கவேண்டும், அமர்த்தவேண்டும், பிறகு இறங்கவேண்டும். இதை நீங்கள் ஒருமுறை கவனித்துவிட்டால் பாதி மல்லுக்கட்டு குறையும்.

மற்ற கோடுகள்

யீ வந்தபிறகு இரண்டு, மூன்று எழுதலாம். அவை இரண்டு கோடு, மூன்று கோடு. மூன்றில் நடுக்கோடு குட்டை, அடிக்கோடு நீளம். மூன்றையும் ஒரே அளவில் போட்டால் ஏணிப்படி ஆகிவிடும்.

செங்குத்துக் கோடு இரண்டு விதமாக முடியும். ஒன்று ஊசி தொங்குவது போலக் கூராக, மற்றொன்று பனித்துளி தொங்குவது போல உருண்டு. ஊசி எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் துளியில் தொடங்குங்கள். ஊசியில் கை நடுங்குவது அப்பட்டமாகத் தெரியும்.

புள்ளி என்பது புள்ளி அல்ல. நுனியால் தொட்டு எடுத்தால் அது எறும்பு. நுழைந்து, அமர்ந்து, திரும்பி எடுக்கும் ஒரு குட்டிக் கோடு அது. மகாகலைஞர் வாங் ஸீஜிக்குக் குருவாக இருந்த வெய் அம்மையார் (272–349) பெயரில் வழங்கும் உவமை ஒன்று உண்டு: புள்ளி உயரமான மலையிலிருந்து கல் உருண்டு விழுவது போல, படுக்கைக் கோடு நெடுந்தூரம் அணிவகுத்த மேகம் போல, செங்குத்துக் கோடு வயதான காய்ந்த கொடி போல. பினாங்குக் கொடிமலை மேல் மேகம் படிந்து நிற்கும் காலைகளில் எங்கள் தாழ்வாரத்திலிருந்து அந்தப் படுக்கைக் கோட்டை நேரிலேயே பார்க்கலாம்.

இந்தக் கோட்டு வகைகளையெல்லாம் ஒரே எழுத்துக்குள் அடக்கியது 'யோங்', என்றென்றும் என்று பொருள். ஐந்தே வீச்சு, ஆனால் புள்ளி, படுக்கை, செங்குத்து, கொக்கி, மேலேறும் கோடு, நீண்ட இடச்சாய்வு, குட்டை இடச்சாய்வு, வலச்சாய்வு என்று எட்டு வித்தையும் அதில் உண்டு. எல்லாப் புத்தகமும் யோங்கில்தான் தொடங்கும். என் அபிப்பிராயம், யோங்கில் தொடங்காதீர்கள். முதலில் யீ, பிறகு பத்தைக் குறிக்கும் 'ஷீ' (கூட்டல் குறி), பிறகு ஆள் 'ரென்', பெரியது 'தா', மரம் 'மு'. இரண்டு மாதம் கழித்து யோங். அதற்குள் அதில் பாதி உங்கள் கையில் இருக்கும்.

வரிசை தப்பக்கூடாது: மேலே முதலில், பிறகு கீழே, இடம் முதலில், பிறகு வலம், குறுக்குக் கோடு முதலில், பிறகு நெட்டுக்கோடு, கட்டம் கட்டும் எழுத்தில் உள்ளே இருப்பதை எழுதிவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். கோட்டு நீளமும் சும்மா அல்ல. கூட்டல் குறியின் அடியில் ஒரு நீளக் கோடு போட்டால் மண். அந்த அடிக்கோட்டைக் குறுக்குக் கோட்டைவிடக் குட்டையாக்கினால் படித்த பெருமகன். நான் லாவ்ஷியைப் பாராட்டுவதாக நினைத்து மண் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஒட்டுப் போடாதே

போர்டு எழுதுவதே ஒட்டுப்போடும் கலைதான். சாக்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு எடுப்போம், பென்சிலால் எழுத்தின் வெளிக்கோடு வரைவோம், உள்ளே எனாமல் நிரப்புவோம், காய்ந்தபிறகு ஓரத்தைச் சீவி, பிசகிய இடத்தைப் பின்னணி நிறத்தால் மறைப்போம். முப்பது வருஷம் அதில் சோறு தின்றவன் நான். ஒரு கோடு மெலிந்துவிட்டால் கை தானாகத் திரும்பிப் போகும்.

தூரிகை எழுத்தில் திரும்பிப் போனால் மூன்று தீங்கு. தாள் மையை உடனே குடித்துவிடுவதால், காய்ந்தபின் மேலே பூசிய இடம் தழும்பாகத் தெரியும். ஈரத்தாளை மறுபடி தேய்த்தால் நார் பிய்ந்து பஞ்சாகும். இந்த இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் பெரிது: திருத்திய கோடு உங்களுக்கு எதையும் சொல்லித்தராது. முனை ஏன் மழுங்கியது, நடு ஏன் மெலிந்தது, கை எங்கே தயங்கியது என்பதெல்லாம் அந்தக் கெட்ட கோட்டில்தான் எழுதியிருக்கிறது. அதை மூடிவிட்டால் நாளைக்கும் அதே இடத்தில் தயங்குவீர்கள்.

ஆகவே கெட்டதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். தாளின் மூலையில் தேதி போடுங்கள். லாவ்ஷி வாரக் கடைசியில் என் தாள்களைப் பரப்பி, நன்றாக வந்த கோட்டைச் சுற்றி மட்டும் சிவப்பு மையால் வட்டம் போடுவார். கெட்டதைத் தொடவே மாட்டார். ஐம்பத்தாறு யீ எழுதிய ஒரு தாளில் இரண்டு வட்டம். அந்த இரண்டையும் எழுதியபோது நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்துப் பார்ப்பதுதான் வீட்டுப்பாடம். வாத்தியார் இல்லாதவர்கள் மறுநாள் காலையில் தாங்களே வட்டம் போடலாம். எழுதிய அன்றைக்கே போடாதீர்கள், எல்லாமே அழகாகத் தெரியும்.

யாரைப் பார்த்து எழுதுவது

சொந்தமாக எழுதத் தொடங்குவது வெகு காலம் கழித்து. முதலில் ஒரு பெரியவரின் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். நேரெழுத்துக்குத் தாங் அரசர் காலத்தின் மூவர் முக்கியம். ஓயாங் ஷுன் (557–641) கண்டிப்பு, ஒரு மயிரிழை பிசகினாலும் காட்டிக்கொடுக்கும். லியு கோங்சுவான் (778–865) எலும்பு தெரியும் எழுத்து. யான் ஜென்சிங் (709–785) சதைப்பிடிப்பு, அகலமாகக் கால்வைத்து நிற்கும் எழுத்து. யானின் தசைநார், லியுவின் எலும்பு என்று சீனர்களே சொல்வார்கள். பெரிய கை, கெட்டிக் கை உள்ளவர்கள் யானிடம் போங்கள். ஒருவரைப் பிடித்தால் ஒரு வருஷமாவது மாற்றாதீர்கள். வாரத்துக்கொருவரைப் பார்த்து எழுதுவது, இட்லி மாவில் பாதியில் தோசை சுட்டு, பாதியில் பணியாரம் ஊற்றுவது மாதிரி. எதற்கும் மாவு பற்றாது.

நான் எழுதுவது யான் தன் கொள்ளுத்தாத்தாவுக்காக 779-இல் எழுதிய கல்வெட்டை. மண்ணுக்குள் வெகுகாலம் கிடந்து, 1922-இல் ஷிஆனில் தோண்டியெடுத்தார்கள். மாதிரிப் புத்தகத்தைத் திறந்ததும் குழம்பாதீர்கள். கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த படி அது, ஆகவே கறுப்பில் வெள்ளை எழுத்தாக இருக்கும். ஓரத்தில் கல் சிதைந்த பொக்கைகளையும் சேர்த்து எழுதாதீர்கள். நான் அதையும் ஒரு பாணி என்று நினைத்து ஒரு மாதம் பல் பல்லாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு குழப்பம். நம் நாட்டுச் சீனப்பள்ளியில் சுருக்க எழுத்து, கல்வெட்டில் பழைய முழு எழுத்து. என் பேத்தி சீனப்பள்ளியில் படிக்கிறாள். நான் எழுதிய 'வாசல்' தப்பு என்று சாதித்தாள். அவளுடையது ஒரு சட்டம், ஒரு புள்ளி. என்னுடையது இரண்டு கதவும் முழுசாக நிற்கும் வாசல். இரண்டும் சரிதான்.

இந்த யான் ஜென்சிங் வெறும் எழுத்தாளர் அல்லர், கலகத்தை எதிர்த்து நின்ற அதிகாரி. அந்தக் கலகத்தில் அவருடைய உறவில் தமையனும் அந்தத் தமையனின் மகனும் கொல்லப்பட்டார்கள். அந்த மகனுக்காக 758-இல் யான் எழுதிய இரங்கல் உரையின் கைவரைவு இப்போது தாய்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லாவ்ஷி அதன் படத்தைக் காட்டினார். நெடுக அடித்தல், பக்கத்தில் சேர்த்தல், மை வற்றி இழுத்த கோடு. இதையா வாங் ஸீஜிக்கு அடுத்தபடி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டேன். "பார் அண்ணே, அடித்திருக்கிறார். ஒட்டுப் போட்டிருக்கிறாரா?" என்றார். உற்றுப் பார்த்தேன். தப்பான சொல்லை ஒரே வீச்சில் அடித்துவிட்டு மேலே போயிருக்கிறார். எந்தக் கோட்டின் மேலும் திரும்பி வந்து பூசவில்லை.

கண்ணுக்கும் பயிற்சி வேண்டும்

பினாங்கில் இருக்கிறவர்களுக்குக் காசில்லாமல் பள்ளிக்கூடம் தெருவெல்லாம் இருக்கிறது. குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நாலு எட்டு வைத்தால் பிட் தெருவில் குவான் யின் கோயில். அங்கேயுள்ள பலகைகளை நிமிர்ந்து பாருங்கள். கூ குலத்தார் 1906-இல் கட்டி முடித்த கூ கொங்சி மண்டபத்திலும், பழைய கடைகளின் முன்நடையான அஞ்சடியிலும் கறுப்பில் பொன் எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. பழைய பலகையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. தூரிகை எங்கே நுழைந்தது, எங்கே அமர்ந்தது, எங்கே எழும்பியது என்று விரலால் காற்றில் தொடர்ந்து பாருங்கள். பலகையைச் செதுக்குகிறவர் என் தொழில் உறவுக்காரர், வெளிக்கோடு எடுத்துத்தான் செதுக்குவார். ஆனாலும் அவர் காப்பாற்றிக் கொடுப்பது வேறொருவர் ஒரே வீச்சில் போட்ட கோட்டை.

எங்கள் ஆயர் ஈத்தாம் கெக் லோக் சீ கோயில் பாறையில் காங் யோவெய் (1858–1927) எழுதிய நான்கு எழுத்து உண்டு: தாய்நாட்டை மறவாதே. சீனத்தில் சீர்திருத்தம் பேசி, 1898-இல் உயிருக்குத் தப்பி ஓடி, பினாங்கிலும் தங்கியவர். கல்வெட்டு எழுத்தைத் தூக்கிப்பிடித்தவர் என்பதால் கோடு ஒவ்வொன்றும் கனமாக இருக்கும். கடலைப் பொட்டலத்தோடு ஞாயிறு காலையில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள், கூட்டம் வருவதற்கு முன்னால்.

நாளுக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். அரை மணி, இரண்டே எழுத்து. ஒரு நாள் நான்கு மணி நேரம் எழுதிவிட்டு ஒரு வாரம் விட்டால் கை மறந்துவிடும்.

கழுவுதல்

எழுதி முடித்ததும் கோப்பி குடிக்கப் போகாதீர்கள், முதலில் கழுவுங்கள். மையில் உள்ள பசை காய்ந்தால் முடி கல்லாகும். ஓடும் தண்ணீரில் நுனியைக் கீழே பிடித்து, விரலால் அடியிலிருந்து நுனிவரை அமுக்கி அமுக்கி விடுங்கள். நுனி சீக்கிரம் வெளுக்கும், அதை நம்பக்கூடாது. மை பதுங்குவது மூங்கிலோடு முடி சேரும் இடத்தில். அங்கே அமுக்கினால் கறுப்பு இன்னும் வரும். தண்ணீர் தெளிகிறவரை விடாதீர்கள். சோப்பு வேண்டாம். கிண்ணத்தில் மிஞ்சிய மையைப் போத்தலில் திரும்ப ஊற்றாதீர்கள், போத்தலே நாறிப்போகும்.

பிறகு துணியில் ஒற்றி, விரலால் கூர் பிடித்து, நுனி கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் மூங்கிலுக்குள் இறங்கி ஒட்டு அழுகும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் மூடியைப் போடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். பல நாள் எழுதப் போவதில்லை என்றால், நன்றாகக் காய்ந்தபின் பாச்சை உருண்டையோடு டப்பாவில் போடுங்கள், பூச்சிக்கு அந்த முடி விருந்து. நான் அடுக்களை ஜன்னல் கம்பியில் ஓர் ஆணி அடித்து, என் மனைவி கரண்டி மாட்டும் வரிசைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். முதலில் முணுமுணுத்தாள். இப்போது சில நாள் நான் மறந்தால் அவளே நுனியைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கறுப்பு வருது, போய்க் கழுவுங்க," என்கிறாள்.